இந்தத் தட்டு யாருடையது?

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். மேலிடத்தில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. என் கைப்பேசியில், என் யோசனையில் எடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இத்தனை வருடங்களில் யாரிடமாவது இதைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம், "அப்போது கம்பெனியில் ஒரு படம் ஒட்டினார்கள்" என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

2011ஆம் வருடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் ஓர் ஆலையில் தொழிலாளர் நலப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். சமூகப்பணி படித்துவிட்டுச் சேர்ந்த முதல் வேலை. வீடு மண்ணூர் பக்கம், ஸ்கூட்டியில் அரை மணி நேரம். ஆலையில் பெரும்பாலும் பெண்கள்தான். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். தண்டலத்தில் ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று வாடகைக்கு இருந்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். அவர்களைவிட எனக்கு நாலைந்து வயதுதான் கூட. மேடம் என்று கூப்பிட வேண்டாம், அக்கா என்றே கூப்பிடுங்கள் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லியிருந்தேன். அப்படியே கூப்பிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கேண்டீன் என் பொறுப்பில் இருந்தது. மதியம் மூன்று தவணையாகச் சாப்பாடு. பள்ளம் பள்ளமாகப் பிரித்த எவர்சில்வர் தட்டில் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர், புதன்கிழமை முட்டை. அரை மணி நேரத்துக்குள் வரிசையில் நின்று, வாங்கி, சாப்பிட்டு, கை கழுவி உற்பத்தி லைனுக்குத் திரும்பிவிட வேண்டும். பரிமாறுகிறவர் ஒரே அளவாகச் சோற்றைத் தள்ளுவார். சின்னப் பெண்கள் பாதிச் சோற்றை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் இரண்டு பெரிய நீல டிரம் நிறையச் சோறு இருக்கும்.

எனக்கு அதைப் பார்க்கவே ஆகாது. எங்கள் வீட்டில் உலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள். மாதம் ஒருமுறை அது மாதா கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும். சோற்றை மிதித்தால் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். அந்த டிரம்களைப் பார்த்து எனக்கு வந்த கோபம் நிஜமானதுதான். பிற்பாடு நான் செய்ததற்கெல்லாம் அந்தக் கோபத்தைத்தான் நியாயமாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட் வருகிறது, கழிவைப் பாதியாகக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றார். அதற்காக நகரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். பயிற்சி கொடுத்தவர் நன்றாகப் பேசினார். நல்லது செய் என்று சொன்னால் யாரும் செய்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் செய்கிறார் என்று தெரிந்தால் செய்வார்கள், தன்னை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் சீக்கிரம் செய்வார்கள் என்றார். நோட்டில் அதை எழுதி இரண்டு கோடு போட்டேன். அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு போன விதம்தான் தப்பு.

முதலில் ஒரு போஸ்டர் ஒட்டினேன். நாற்று நடும் கைகள், கீழே உணவை வீணாக்காதீர் என்று ஒரு வரி. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்து, கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தராசு வைத்தேன். ஒவ்வொரு லைனில் இருந்தும் கொட்டப்படும் சோற்றை எடை போட்டு, மறுநாள் காலையில் கேண்டீன் வாசலில் ஒரு பலகையில் எழுதுவேன். குறைவாகக் கொட்டிய லைனுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் சிரித்த முகம். அதிகம் கொட்டிய லைனுக்குச் சிவப்பில் தொங்கின முகம். மாதம் முழுக்கப் பச்சை வாங்கும் லைனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் டூர், கம்பெனி பஸ்ஸில், மதியம் பிரியாணி.

இரண்டே வாரத்தில் ஒரு டிரம் ஆனது. இன்னும் இரண்டு வாரத்தில் அரை டிரம். அந்த நாட்களில் காலையில் வேலைக்குப் போகும்போதே எனக்கு மனசு துள்ளும். பெண்கள் பலகைக்கு முன்னால் கூட்டமாக நின்று பார்ப்பதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பார்க்காமல் விட்டவையும் உண்டு. ஒரு நாள் கை கழுவும் இடத்தில் தண்ணீர் போகவில்லை என்று பிளம்பர் வந்தார். குழாய்க்குள்ளிருந்து கை கையாகச் சோற்றை எடுத்து வெளியில் போட்டார். தொட்டியில் கொட்டினால்தானே எடை? பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நான் மேனேஜரிடம் சொல்லவில்லை. பேசினுக்கு நெருக்கமான சல்லடை போடச் சொன்னேன். இன்னொரு நாள், லைன் லீடர் ஒருத்தி, எழுந்த ஒரு பெண்ணின் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்து, மிச்சத்தையும் சாப்பிடச் சொல்லிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு தட்டு மாற்றிக்கொள்வதை நிறுத்தினேன். இதுதான் நான் செய்தவற்றிலேயே மோசமானது என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முன்பு அந்த மேசைகளில் ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி தட்டுக்குச் சோறும் முட்டையும் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும். தலைவலிக்காரி தன் பொரியலைத் தள்ளிவிடுவாள், பசிக்காரி இழுத்துக்கொள்வாள். ஒரு லைன் பெண்கள் தங்கள் மிச்சத்தை அடுத்த லைன் பெண்கள் தட்டில் போட்டு எடையை ஏமாற்றுகிறார்கள் என்று புகார் வந்தது. அவரவர் தட்டு அவரவருக்கு மட்டும், கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று நோட்டீஸ் போட்டேன். கையெழுத்தும் என்னுடையதுதான்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள், இரண்டாவது தவணை முடியும் மணி அடித்த நேரம். ஒரு பெண் முழுத் தட்டோடு தொட்டிக்கு வந்தாள். ஒரு வாய் கூடத் தொடாத சோறு, சாம்பார், பொரியல், நடுவில் முட்டை. எனக்குச் சுறுக்கென்றது. கைப்பேசியை எடுத்து, தட்டு தொட்டிக்கு மேலே சாயும் அந்த நொடியைப் படம் பிடித்தேன். முகம் வராமல்தான் எடுத்தேன். மறுநாள் அதைப் பெரிதாக அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, மேலே எழுதினேன்: இந்தத் தட்டு யாருடையது?

பெயர் இல்லை, முகம் இல்லை, ஆகவே யாரையும் அவமானப்படுத்தவில்லை என்று நான் நம்பினேன். ஒயர் பின்னும் பெண்கள் விரல் நுனி வெட்டுப்படாமல் இருக்க வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார்கள். அந்தப் பெண் மட்டும் ஆள்காட்டி விரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவாள். படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. பத்து நிமிடத்தில் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். இருபது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டாள், வேலையில் கெட்டி. அவளுடைய லைன் அந்த மாதம் அதுவரை பச்சையில் இருந்தது. அந்த ஒரு தட்டோடு சிவப்பானது. டூர் வேறு லைனுக்குப் போனது. புதுச் சுடிதார் எடுத்து வைத்திருந்தவர்கள், கடலையே பார்க்காதவர்கள் அந்த லைனில் இருந்தார்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு "முழுத் தட்டு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் கேண்டீனுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். எனக்கு அது தெரியும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒரு நாள் காலையில் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். ஒப்பந்த ஆட்களுக்குக் கேண்டீனில் டீ மட்டும் உண்டு, சாப்பாடு கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவந்து, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவியா?" என்றார்.

மாட்டேன், சொல்லுங்க என்றேன்.

"அந்தத் தட்டு எனுக்கு வாங்குனது மேடம். அந்த வாரம் புல்லா டபுள் டூட்டி. வூட்ல ஆக்கி எட்த்துகினு வர நேரமே இல்ல. அந்தப் பொண்ணு தெனிக்கும் வாங்கினு வந்து பின்னாடி சொவத்தாண்ட குடுக்கும். அன்னிக்குன்னு பார்த்து சூப்பர்வைசர் என்னை எண்ணெ கொட்டிக்கீதுன்னு உள்ள கூட்டுனு பூட்டாரு. அது மணி அடிக்கிற வரிக்கும் தட்டை வெச்சிக்கினு நின்னுகினே இருந்திருக்குது."



"அப்போ அது சாப்ட்டுச்சா?" என்று அவரே கேட்டு, அவரே பதில் சொன்னார். "ஒரே தட்டுதானே மேடம் ஒராளுக்கு. தெனிக்கும் அதுல பாதி அது துன்னும், பாதி எனுக்கு. அன்னிக்கு முழுசா எனுக்குன்னு வெச்சிகினு நின்னுச்சு."

சாப்பாட்டுக் கூப்பன் இல்லாமல் சாப்பிடுவது ஆலை விதிப்படி திருட்டு. சாப்பிட்டவருக்கு வேலை போகும், கொடுத்தவளுக்கு மெமோ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பெயர் அன்றைக்கே சுத்தமாகியிருக்கும். இந்த அம்மா வெளியில் போயிருப்பார். அதனால் மூன்று வாரமும் அவள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சுற்றுச்சூழல் தினம். மைதானத்தில் பந்தல் போட்டு, மரக்கன்று நட்டு, எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்த பிறகுதான் அதை வாங்கினேன். எப்படிச் சாதித்தீர்கள் என்று மேனேஜர் மைக்கை என்னிடம் நீட்டினார். எல்லாருடைய ஒத்துழைப்பும்தான் காரணம் என்றேன். கைதட்டினார்கள். வரிசையின் கடைசியில் அந்தத் துப்புரவு அம்மாவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று, அம்மாவிடம் எரிந்து விழுந்ததையும் ஜெபத்தில் கவனம் சிதறியதையும் சொன்னேன். சாமியார் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கேண்டீனில் ஒரு படம் ஒட்டியதைப் பாவம் என்று எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பத்து நாள் பொறுத்து ஒரு சனிக்கிழமை மதியம் தண்டலத்துக்குப் போனேன். அவளோடு தங்கியிருந்த பெண்ணிடம் விலாசம் கேட்டிருந்தேன். மாடியில் தகர ஷீட் போட்ட அறை. அவள் கொடியில் யூனிஃபார்ம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேறு நிற யூனிஃபார்ம். ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் பாயை விரித்தாள்.

"இம்புட்டு தூரம் எதுக்குக்கா வந்திய?" என்றாள்.

எல்லாம் தெரிந்துவிட்டது, மன்னித்துவிடு என்று சொன்னேன். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அவள் முதலில் கேட்டது, அந்த அம்மா இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பதைத்தான். இருக்கிறார் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாயா?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அப்படியென்றால் என் தப்பு ஒரு கேள்வி கேட்காததோடு நின்றுவிடும் இல்லையா?

"தெரியலக்கா. அக்கான்னுதான் கூப்பிடச் சொன்னிய. ஆனா நீங்க யார் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதுல்லா."

அதற்குமேல் அவள் என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்தேன். படியில் இறங்கும்போது, லைனில் உள்ள பெண்களிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"சொல்லாதீங்க. ஒருத்தி வாயில இருந்து ஒருத்தி வாய்க்குப் போயி சூப்பர்வைசர் காதுக்குப் போயிரும். அந்த அக்காவுக்குப் பொண்ணு படிக்கு."

ஆகவே அதையும் நான் சரிசெய்ய முடியவில்லை. ஆலையைப் பொறுத்தவரை அவள் கடைசி வரைக்கும் முழுத் தட்டைக் கொட்டின பெண்தான்.

திங்கட்கிழமை பலகையைக் கழற்றினேன். மேனேஜர் காரணம் கேட்டார். சோறு பேசின் குழாயில் போவதையும், பெண்கள் பயந்துகொண்டு பாதி வயிறோடு லைனுக்குப் போவதையும் சொன்னேன். அந்தத் தட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தராசைத் தூக்கிவிட்டு, பரிமாறும் இடத்தில் சின்னக் கரண்டி வைக்கச் சொன்னேன். பாதி போதுமா, மறுபடி வருகிறாயா என்று கேட்டுப் பரிமாறச் சொன்னேன். தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று புது நோட்டீஸ் போட்டேன்.

யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. தொடாத முட்டையும் மோரும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலுக்கு அருகில் ஒரு மேசை போட்டேன். பல வாரங்கள் அது காலியாகவே கிடந்தது. ஒரு நாள் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எதைத் தேடுகிறாய் என்றேன். "கேமரா எங்க வச்சிருக்கீங்கன்னு பார்த்தேன்க்கா" என்றாள், சிரிக்காமல். அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நான் கேண்டீன் பக்கம் போவதை விட்டேன். நான் போகாமல் இருந்த பிறகுதான், ஒன்றிரண்டாக, மேசையில் மோர் டம்ளர்கள் சேர ஆரம்பித்ததாகச் சமையல்காரர் சொன்னார். தராசும் பலகையும் வைத்து நான் எதை வளர்க்க நினைத்தேனோ, அது அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதை இரண்டு மாதத்தில் நிறுத்த முடிந்தது. திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஒப்பந்த ஆட்களுக்கும் சாப்பாடு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. கடைசியில், மூன்றாம் தவணை முடிந்து அண்டாவில் மிஞ்சுவதை அவர்களுக்குக் கொடுத்தால் கழிவு இன்னும் குறையும் என்று எழுதினேன். உடனே கையெழுத்தானது. மனிதருக்குப் பசிக்கும் என்று எழுதியபோது கிடைக்காதது, டிரம் காலியாகும் என்று எழுதியதும் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாம் சாப்பிட்ட பிறகு, இரண்டரை மணிக்கு மேல், மிச்சம் இருந்தால். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்தச் சாப்பாடு தொடங்கிய வாரம் அவளுக்குப் போன் செய்தேன். இந்தச் செய்தியையாவது அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. லைனில் இருந்திருப்பாள் போல, சாயங்காலம் அவளே திருப்பிக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாவும் சாப்பிடுகிறார் என்றேன்.

"எல்லாரையும் போல மேசையில உக்காந்து சாப்பிடுதாவளாக்கா?" என்று கேட்டாள்.

அவர்கள் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். நான் அன்று மதியம்கூடப் பார்த்திருந்தேன்.

ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை ஸ்டோருக்குப் போய் இரண்டு மேசையும் பெஞ்சும் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வந்து சேர மூன்று வாரம் ஆனது.